லாகின் நேரம் பதியும் ஸ்கிரிப்ட்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பின்

வீட்டிலிருந்தபடியே சில சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். பார்த்த மணி நேரத்துக்குத்தான் கூலி. அதை ஞாபகத்திலிருந்து எழுதினால் மாதக் கடைசியில் பேச்சு வளரும். அதனால் விண்டோஸில் லாகின், லாகவுட் நேரங்களைப் பதிய ஒரு சின்ன ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் கட்டளைக் கோப்பு) போட்டேன். சில வருடங்களாக ஓடுகிறது.

கணினியில் நடப்பதைப் பதிந்து காட்டும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரிலேயே எல்லாம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறதுதான். ஆனால் அதன் செக்யூரிட்டி பதிவில் லாகினைக் குறிக்கும் 4624 என்ற எண்ணைத் தேடினால், நாம் உள்ளே நுழைந்ததோடு பின்னணி சர்வீஸ்கள் நுழைந்ததும் சேர்ந்து குவிந்து கிடக்கும். அந்தப் பதிவின் அளவும் வழக்கமாக 20 எம்பிதான். நிரம்பினால் பழையது அழிந்துவிடும்.

என்னுடையது விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல்லில் சில வரிகள். வேலைகளைத் தானாக ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் அழைக்கும்போதெல்லாம் தேதி, நேரம், என்ன நடந்தது என்பதை ஒரு சிஎஸ்வி கோப்பின் (எக்செல்லில் திறக்கும் சாதாரண எழுத்துக் கோப்பு) கடைசியில் சேர்க்கும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையிலும் நேரத்தை 24 மணிக் கணக்கிலும் எழுத வையுங்கள். இல்லாவிட்டால் எக்செல்லில் வரிசைப்படுத்தும்போது உயிரை எடுக்கும்.

லாகின் பதிவது சுலபம். லாகவுட்தான் தொல்லை. டாஸ்க் ஷெட்யூலரில் அதற்கென்று நேரடியான ட்ரிக்கர் (டாஸ்க்கை ஓட வைக்கும் நிகழ்வு) கிடையாது. விண்டோஸின் விதிகளை அமைக்கும் குரூப் பாலிசியில், லாகவுட் ஆகும்போது ஓடும் லாகாஃப் ஸ்கிரிப்ட் வைக்கலாம், ஆனால் விண்டோஸ் ஹோம் பதிப்பில் அதற்கான எடிட்டர் இல்லை. அப்படியே வைத்தாலும் கரண்ட் போனால் எந்த ஸ்கிரிப்டும் ஓடாது. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் இது அடிக்கடி நடக்கும்.

இதற்கு நான் செய்த ஏற்பாடு இன்றுவரை கைகொடுக்கிறது. 5 நிமிடத்துக்கு ஒருமுறை இன்னொரு டாஸ்க் ஓடி, ஒரு தனிக் கோப்பில் அப்போதைய நேரத்தை மட்டும் பழையதன் மேலேயே எழுதும். அடுத்த லாகினில் ஸ்கிரிப்ட் முந்தைய வரியைப் பார்க்கும். முடிவு பதியாமல் இருந்தால், அந்தக் கடைசி நேரத்தையே முடிவாக எழுதிவிடும். அதிகம் போனால் 5 நிமிடம் பிசகும். அது போதும்.

அப்புறம், லாகின் நேரத்தைவிட திரையைப் பூட்டித் திறக்கும் லாக், அன்லாக் நேரங்கள்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் ஷெட்யூலரில் ட்ரிக்கர் உண்டு. நாள் முழுக்க லாகின் ஆகியே இருப்பேன். சாப்பிடப் போகும்போது விண்டோஸ் பொத்தானையும் L எழுத்தையும் சேர்த்து அழுத்தி லாக் செய்துவிட்டு எழுவேன். அந்த இடைவெளியைக் கழித்துத்தான் பில் போடுகிறேன். வாடிக்கையாளர்கள் யாரும் அதைப் பற்றித் திரும்பக் கேட்டதில்லை.

லேப்டாப்பில் வைப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். சார்ஜரில் இருந்தால் மட்டுமே டாஸ்க் ஓட வேண்டும் என்ற டிக், ஷெட்யூலரில் இயல்பாகவே போட்டிருக்கும். அதை எடுக்காவிட்டால் பேட்டரியில் ஓடிய நேரமெல்லாம் வெற்றாகத்தான் இருக்கும்.

ஒரு வாடிக்கையாளர் தன் ஊழியர்களின் கணினியிலும் இதைப் போடச் சொன்னார். அவர்களிடம் சொல்லிவிட்டுப் போடுவதென்றால் சரி, தெரியாமல் என்றால் செய்ய மாட்டேன் என்றேன். இதில் பதிவது கணினி திறந்திருந்த நேரம், வேலை நடந்த நேரமல்ல. அதுவும் நோட்பேடில் யாரும் திறந்து திருத்தக்கூடிய சாதாரணக் கோப்பு. இதை வைத்து ஒருவரின் சம்பளத்தைப் பிடிப்பது நியாயமில்லை.