மீட்கும் பொருளா, ஈடா, முன்மாதிரியா? சிலுவை மரணத்தின் மூன்று விளக்கங்களும் ஓர் ஐயமும்

இயேசு 'நமக்காகவும் நமது இரட்சிப்புக்காகவும்' வந்தார் என்று அறிக்கையிடும் நிசேயா விசுவாசப் பிரமாணம் என்ற பழைய கிறிஸ்தவ நம்பிக்கை அறிக்கை, அவருடைய மரணம் அந்த இரட்சிப்பை எவ்வாறு உண்டாக்குகிறது என்பதை விளக்கவில்லை. அந்த இடைவெளியில் எழுந்த விளக்கங்களுள் மூன்று முதன்மையானவை. ஒருவருடைய சாவு இன்னொருவருடைய குற்றத்தை எப்படித் தீர்க்கும் என்ற ஐயவாதியின் கேள்விக்கு அவை எந்த அளவுக்குத் தாக்குப்பிடிக்கின்றன என்பதே இங்கே பார்க்கவேண்டியது.

மிகப் பழையது மீட்கும் பொருள் என்ற விளக்கம். பிசாசின் பிடியில் சிக்கிய மனிதகுலத்துக்கு விலையாக இயேசு கொடுக்கப்பட்டார் என்பது அதன் சாரம். நான்காம் நூற்றாண்டில் நிசாவின் ஆயர் கிரகோரி, மனித உடல் என்னும் இரைக்குள் மறைந்திருந்த தெய்வத்தன்மை என்னும் தூண்டில் முள்ளைப் பிசாசு விழுங்கிவிட்டதாக எழுதினார். கடவுள் ஏன் பிசாசுக்கு விலை கொடுக்கவேண்டும், அதிலும் ஏன் ஏமாற்றவேண்டும் என்ற கேள்விகள் உடனே எழும்.

கான்டர்பரி பேராயர் ஆன்செல்ம் 1098இல் முடித்த நூலில் பிசாசின் உரிமையை அடியோடு மறுத்தார். பாவம் கடவுளின் மாண்புக்கு நேர்ந்த இழுக்கு. அதற்குத் தண்டனையோ ஈடோ இருந்தாகவேண்டும். மனிதன் செலுத்தவேண்டிய, ஆனால் கடவுளால் மட்டுமே செலுத்தக்கூடிய ஈட்டைக் கடவுள்மனிதர் ஒருவர்தான் செலுத்த முடியும் என்றார். ஈடு செலுத்தித் தண்டனையைத் தவிர்ப்பதாக அவர் சொன்னதைப் பின்வந்த புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதிகள், இயேசு தண்டனையையே நமக்குப் பதிலாக ஏற்றார் என்று மாற்றினார்கள். இன்று பல பிரசங்க மேடைகளில் ஒலிப்பது இந்த வடிவமே.

ஐயவாதிகளின் தாக்குதலும் பெரும்பாலும் இதன்மீதுதான். கடன் முழுவதும் செலுத்தப்பட்டுவிட்டால் அதில் மன்னிப்பு எங்கே இருக்கிறது என்று பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலிய இறையியலாளர் ஃபாஉஸ்தோ சொசினி கேட்டார். என் கடனை வேறொருவர் அடைக்கலாம், என் குற்றத்துக்காகக் குற்றமற்றவர் சாவதை நீதி ஏற்காது என்று 1794இல் அரசியல் எழுத்தாளர் தாமஸ் பெய்ன் எழுதினார். 'பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும்' என்ற பழைய ஏற்பாட்டின் எசேக்கியேல் வசனம் அவர்களுக்கு வெகு முன்பே இருந்தது என்பதையும் மறக்கலாகாது. கடவுள் வேறு யாரையும் தண்டிக்கவில்லை, தாமே அதைச் சுமந்தார் என்பது விசுவாசிகளின் வலுவான மறுமொழி. ஆனால் கடன் கொடுத்தவரே இழப்பைச் சுமப்பதற்குக் கடனைத் தள்ளுபடி செய்வது என்றுதான் பெயர், அதற்கு ஒரு மரணம் தேவையில்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சு இறையியலாளர் அபெலார்டு, சிலுவை நம்மில் அன்பைத் தூண்டுவதை முதன்மைப்படுத்தினார். இதில் நீதிச் சிக்கல் இல்லை. எனினும், கிணற்றில் விழுந்த பிள்ளையைக் காக்கக் குதித்தவரின் அன்பு விளங்குகிறது. யாரும் விழாத கிணற்றில் குதித்தால் அது எந்த அன்பைக் காட்டும்? அந்த மரணம் முதலில் வேறு ஏதோ ஒன்றைச் சாதித்தால்தான் முன்மாதிரியாகவும் ஆக முடியும்.

ஒருவர் மற்றவருக்காகச் செத்த உண்மை நிகழ்வு ஒன்றை இவற்றின் அருகில் வைத்துப் பார்க்கலாம். 1941இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில், கைதி ஒருவர் தப்பியதற்குப் பழிவாங்கப் பத்துப் பேரைப் பட்டினியால் கொல்லத் தேர்ந்தெடுத்தபோது, அவர்களுள் ஒருவரான ஃபிரான்சிஷெக் கயோவ்னிசெக் தம் மனைவி மக்களை நினைத்துக் கதறினார். மாக்சிமிலியன் கோல்பே என்ற குரு அவருக்குப் பதிலாக முன்வந்து, ஆகஸ்ட் 14 அன்று நச்சு ஊசியால் கொல்லப்பட்டார். காப்பாற்றப்பட்டவர் 1995 வரை வாழ்ந்தார்.

கோல்பேயின் தியாகத்தை ஐயவாதியும் வணங்குவார். ஆயினும் அந்த மாற்றம் செல்லுபடியானதற்குக் காரணம், முகாம் அதிகாரிக்கு வேண்டியிருந்தது நீதியன்று, பத்து என்ற எண்ணிக்கை என்பதே. யார் குற்றவாளி என்று பார்ப்பவர் ஆளை மாற்ற ஒப்பமாட்டார், ஒப்புபவர் கொடுங்கோலர். ஈட்டு விளக்கமோ இந்த ஒப்புதலை நீதியே உருவான கடவுளிடம் வைக்கிறது. பலரும் நகைக்கும் பழைய விளக்கம், விலை கேட்டவன் பிசாசு என்று சொன்னதால் இந்த ஒரு கேள்வியில் ஆன்செல்மைவிடத் தேறிநிற்கிறது. 1930இல் சுவீடன் இறையியலாளர் குஸ்தாஃப் ஆலென் அதற்கு மறுவாழ்வு தந்தது வீணன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அப்படி ஒரு பிசாசு உண்டு என்பதை ஐயவாதி முதலில் ஏற்கவேண்டும், அவர் ஏற்கமாட்டார்.