தவணை முடிவுப் பரிசுகள்: என்.சி. வீதிக் கேடயக் கடை எப்படி?

மூன்றாம் தவணை முடிகிற நேரம் திருகோணமலையில் எந்த அச்சுக் கடைக்குப் போனாலும், பெயர்ப் பட்டியலும் கையுமாக ஒரு டீச்சர் நிற்பார். ஆரம்பப் பிரிவின் பரிசளிப்பு என் பொறுப்பு என்பதால் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். இம்முறை கேடயம், பதக்கம், சான்றிதழ் எல்லாவற்றையும் என்.சி. வீதியில், மாடிப்படி ஏறிப் போகும் ஒரு சின்னக் கடையில் செய்வித்தோம்.

கொழும்பு புறக்கோட்டையில் இதைவிட மலிவு, மறுக்கவில்லை. முன்பு அங்கிருந்தும் எடுத்திருக்கிறோம். இரவு ரயிலில் வந்த பெட்டியைப் பிரித்தால் சில கேடயங்களின் மூலை உடைந்திருந்தது. பெயர் இருந்ததோ வெறும் ஸ்டிக்கரில். எங்கள் கடற்காற்றுக்கு அது எத்தனை நாள் தாங்கும்? மாசி பிறக்குமுன்பே சுருண்டு கழன்றுவிட்டது.

இந்தக் கடையில் பெயரைப் பலகையிலேயே லேசரால் செதுக்கிவிடுகிறார்கள். விரலால் தடவினால் எழுத்து தட்டுப்படும். அதைவிட எனக்குப் பிடித்தது, தட்டச்சு செய்யும் தங்கச்சியின் பொறுமை. பாடசாலைக் கணினியில் பட்டியல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. யுனிகோடுக்கு மாற்றினால் எங்காவது ஒரு ‘ஸ்ரீ’ உடையும், ஒரு கொம்பு இடம் மாறும். அவர் மாற்றியதும் அப்படியே செதுக்க அனுப்பவில்லை. என்னைப் பக்கத்துக் கதிரையில் இருத்தி, ஒவ்வொரு பெயராக வாய்விட்டு வாசித்தார். “பாத்திமாவோ ஃபாத்திமாவோ டீச்சர்? பிறப்புச் சான்றிதழில எப்பிடிக் கிடக்கு?” இப்படிக் கேட்கிற கடையை நான் இதுவரை கண்டதில்லை.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி தாண்டிய பிள்ளைகளுக்கான வாசகம் கடையில் ஆயத்தமாகவே இருக்கிறது. பெயரையும் 200க்கு எடுத்த புள்ளியையும் போட்டால் சரி. மற்றப் பரிசுகளுக்குத்தான் மினக்கெட வேண்டியிருந்தது. புள்ளி பார்க்காமல், நல்ல பழக்கத்துக்கென்று வகுப்புக்கு ஒரு கேடயம் கொடுக்க வேண்டும் என்று அதிபர் சொல்லியிருந்தார். பட்டியலில் அந்தப் பிள்ளைகள் எல்லாருக்கும் நேரே ‘நற்பண்பு’ என்றே இருந்தது. தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு, “இந்தப் பிள்ளை என்ன செய்தவர் டீச்சர்?” என்றார்.

சொன்னேன். தரம் 3 பையன். நிலத்தில் கிடக்கிற பென்சிலோ அழிறப்பரோ கண்ணில் பட்டால், உரிய ஆளைக் கண்டுபிடிக்கும்வரை வகுப்பு வகுப்பாக ஏறி இறங்குவான். “அப்ப அதையே போடுவம்” என்றார். ‘தவறிய பொருளை உரியவரிடம் சேர்ப்பவர்’ என்று கேடயத்தில் ஏறியது. கால் முறிந்த சிநேகிதியின் புத்தகப் பையையும் சேர்த்துச் சுமந்த பிள்ளைக்கும் அப்படியே ஒரு வரி. ஒவ்வொரு கேடயத்துக்கும் வேறு வாசகம் என்பதால் வேலை கூடியது. ஆனாலும் விலையைக் கூட்டவில்லை. விழாவில் அந்த வரிகளை வாசித்தபோது சபை சிரித்துக் கைதட்டியது. பிரதம விருந்தினருக்கும் தூக்கம் கலைந்தது என்றே நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. செவ்வாய் தருவதாகச் சொன்னது வியாழன் பின்னேரம்தான் கைக்கு வந்தது. விழா வெள்ளி காலை! கேட்டால் “கரண்ட் இல்லை டீச்சர்” என்றார்கள். சான்றிதழ்த் தாள் மெல்லிசு, மையும் ஈரம் தாங்காது. மார்கழி மழையில் ஓட்டோவில் கொண்டுவரும்போது மேலே இருந்த சிலவற்றில் மை பரவிவிட்டது. மறுபேச்சில்லாமல் திரும்ப அடித்துத் தந்தார்கள் என்பது உண்மை. இருந்தாலும் நீங்கள் முதலிலேயே தடித்த தாளும் லேசர் பிரின்டும் கேளுங்கள். பதக்கங்கள் எல்லாக் கடையிலும் கிடைக்கிற அதே சாமான்தான்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்குக்கு வாங்குபவர்கள், கடை முத்திரை குத்திய பற்றுச்சீட்டைக் கையோடு கேட்டு வாங்குங்கள், தாமாகத் தரமாட்டார்கள். தவணையின் கடைசி வாரத்தில் அந்தப் படியில் ஏறவே வேண்டாம், பரீட்சை தொடங்க முன்னமே பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். கேடயத்தைச் சுவரில் மாட்டக் கொக்கி வேண்டுமென்றால் அதையும் அப்போதே சொல்லுங்கள், அதற்குத் தனிக் காசு இல்லை.