பழைய டிராக்டரில் தண்ணீர் ஒழுகினால்: ஈயப்பற்றா, புதுக் கோரா, மஞ்சள் தூளா?

எங்கள் வீட்டு டிராக்டருக்கு வயது 26. காலையில் வண்டி எடுக்கும் முன் ரேடியேட்டரில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவது ரொம்ப நாளாகவே வழக்கம். போன சேற்றுழவின்போது ஒரு சொம்பு இரண்டானது, அப்புறம் அரைக் குடமானது. அதற்குப் பிறகுதான் எங்கே போகிறது என்று தேட உட்கார்ந்தேன். கேட்ட இடத்திலெல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நான் செய்து பார்த்தவை, பக்கத்துத் தோட்டங்களில் செய்யப் பார்த்தவை இரண்டையும் வைத்து, எது எங்கே உதவும் என்று எழுதுகிறேன்.

ராத்திரிக் காகிதமா, பிரஷர் டெஸ்டரா?

செலவில்லாத வழி காகிதம்தான். சாயங்காலம் என்ஜினைச் சுற்றியுள்ள சேறு, தூசியைத் துடைத்துவிட்டு, அடியில் பழைய சிமென்ட் சாக்கையோ அட்டையையோ விரித்து விடுங்கள். காலையில் ஈரம் எந்த இடத்துக்கு நேர்க் கீழே இருக்கிறது என்று பாருங்கள். ஹோஸ் கிளிப் கசிவு இப்படித்தான் மாட்டும். சூட்டில் ரப்பரும் இரும்பும் விரிந்து அடைத்துக்கொள்ளும். ராத்திரி குளிர்ந்ததும் சுருங்கிச் சொட்டும். போர் தண்ணீர் ஊற்றிய வண்டி என்றால் இன்னொரு வசதி: கசிந்து காய்ந்த இடத்தில் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருக்கும். அந்தக் கோட்டைப் பிடித்து மேலே போனால் ஓட்டை கிடைத்துவிடும்.

இந்த வழிக்குப் பிடிபடாத கசிவும் உண்டு. வண்டி சூடாகி உள்ளே அழுத்தம் ஏறும்போது மட்டும் கசிந்து, கீழே விழும் முன்பே ஆவியாகிப் போகும் கசிவு அது. அதற்கு டெஸ்டர்தான். ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் மாட்டிக் கையால் காற்று அடிக்க வேண்டும். மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் போகக் கூடாது. பழைய டிராக்டர்களில் பெரும்பாலும் 4 முதல் 7 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) வரைதான் இருக்கும். கார் நினைப்பில் 15 வரை அடித்தால், நன்றாக இருந்த பற்றும் பிய்ந்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் முள் அசையாமல் நின்றால் சரி. முள் இறங்குகிறது, வெளியே ஒரு சொட்டும் இல்லை என்றால், தண்ணீர் என்ஜினுக்குள் போகிறது என்று அர்த்தம். ரேடியேட்டர் பட்டறைகளில் இந்தக் கருவி இருக்கும். கேட்டால் மாட்டிப் பார்த்துத் தருவார்கள். நான் காகிதத்தில் தொடங்கச் சொல்வேன். ஆனால் டெஸ்டர் போடாமல் என்ஜினின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றலாம் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

இரண்டுக்கும் முன்னால் மூடியைப் பாருங்கள். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ, வாஷர் வெடித்தாலோ உள்ளே அழுத்தம் நிற்காது. 7 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 112 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். அழுத்தம் இல்லையென்றால் 100 டிகிரியிலேயே கொதித்து ஓவர்ஃப்ளோ குழாய் வழியே போய்விடும். ஒழுகுகிறது என்று தேடிக்கொண்டே இருப்போம், ஓட்டையே இருக்காது. அதே அளவுள்ள புது மூடியை வாங்கி மாட்டிவிடுங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் திறக்கவே வேண்டாம். பீறிட்டு வரும் நீராவி முகத்தையும் கையையும் வேக வைத்துவிடும்.

ரேடியேட்டர்: மூன்று வைத்தியம்

ஓட்டை ரேடியேட்டரில்தான் என்று தெரிந்ததும் முதலில் காதில் விழுவது மஞ்சள் தூள். ஒரு கைப்பிடி போட்டால் ஊறிப் போய் ஊசி ஓட்டையை அடைக்கும் என்பது உண்மைதான். கடையில் விற்கும் லீக் ஸ்டாப் பொடியும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் ஓட்டை எது, தண்ணீர் போகும் குழாய் எது என்று தூளுக்குத் தெரியாது. கோர் என்பது இரண்டு தொட்டிகளுக்கும் நடுவில் குழாயும் ஃபின் என்ற மெல்லிய தகடும் அடுக்கிய பகுதி. அதற்குள் இருக்கும் தட்டையான குழாய்கள் மிகக் குறுகலானவை. ஏற்கெனவே போர் தண்ணீரின் உப்பு பாதி அடைத்திருக்கும். மீதியை இந்தத் தூள் அடைக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் இரண்டு வருடம் இப்படியே ஓட்டினார். கடைசியில் கீழ்த் தொட்டியைப் பிரித்தபோது உள்ளே மஞ்சள் களி கெட்டியாக உட்கார்ந்திருந்தது. ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி நிற்கிறீர்கள், வண்டி வீடு வந்து சேர வேண்டும் என்றால் போடுங்கள். வந்ததும் முழுவதையும் வடித்து அலசிவிடுங்கள்.

அடுத்தது ஈயப்பற்று. பித்தளை, செம்பு ரேடியேட்டரின் பெரிய வரமே இதுதான். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 200 டிகிரிக்குள்ளேயே உருகத் தொடங்கிவிடும் என்பதால் சின்னப் பட்டறையிலேயே வேலை முடிந்துவிடும். மேல் தொட்டியும் கோரும் சேரும் விளிம்பு, ஹோஸ் மாட்டும் குழாயின் அடி, தாங்கிச் சட்டம் உரசிய இடம், இவற்றில் கசிவு என்றால் யோசிக்காமல் பற்று வைக்கலாம். நல்ல கையால் வைத்தது பல வருடம் நிற்கும். பச்சைக் களிம்பு போகச் சுரண்டி, ஆசிட் தடவி, உலோகம் பளபளத்த பிறகு வைக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அழுக்கின் மேல் வைத்த பற்று ஒரு சீசன்கூடத் தாங்காது. எனக்கு ஒரு பட்டறையில் அப்படித்தான் ஆனது. நடவு நேரத்தில் அதே இடம் மறுபடி பிரிந்து, மூன்று நாள் உழவு நின்றது. ரேடியேட்டர் அலுமினியம் என்றால் இந்தப் பேச்சே இல்லை. சாதாரண ஈயம் அதில் ஒட்டாது.

கோரின் நடுவில் குழாய் ஓட்டையானால் பட்டறைக்காரர் அந்தக் குழாயின் இரண்டு முனையையும் நசுக்கிப் பற்று வைத்து அடைத்துவிடுவார். ஒன்றிரண்டு குழாய் என்றால் பரவாயில்லை. ஆனால் அடைத்த ஒவ்வொரு குழாயும் குளிர்விக்கும் பரப்பைக் குறைக்கிறது. டிரெய்லர் இழுக்கும்போது வித்தியாசம் தெரியாது. சித்திரை வெயிலில் ரொட்டவேட்டர் போட்டுப் பாருங்கள், வெப்பமானியின் முள் சிவப்புக்குப் போகும்.

அதனால்தான் மூன்றாவது வழியான புதுக் கோருக்கு நான் சாய்கிறேன். ஈயப்பற்றைவிடப் பல மடங்கு செலவு என்பது தெரிந்தேதான் சொல்கிறேன். பழைய பித்தளைத் தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுவில் கோரை மட்டும் புதிதாகப் போட்டால் போதும், முழு ரேடியேட்டரும் வாங்க வேண்டாம். என் கணக்கு இதுதான்: கோரில் இரண்டாவது முறை ஓட்டை விழுந்தால், அல்லது விரலால் தொட்டாலே ஃபின் பொடிந்து உதிர்ந்தால், பற்று வைக்கும் காசைச் சேர்த்துக் கோர் போட்டுவிட வேண்டும். எம்-சீல் பசை அப்பும் யோசனையை விடுங்கள். சூட்டில் பித்தளை விரிகிற அளவும் அது விரிகிற அளவும் வேறு, ஓரம் விட்டுவிடும்.

வாட்டர் பம்ப்

பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். சீல் போய்விட்டது என்று சொல்வதற்காகவே வைத்த துளை அது. சொட்டுகிறதே என்று அதை அடைத்துவிட்டால் தண்ணீர் பேரிங்குக்குள் புகுந்து அதையும் கெடுக்கும். கிட் மாற்றுவதா, முழு பம்பா என்பதை ஷாஃப்ட்தான் சொல்லும். பெல்ட்டைத் தளர்த்திவிட்டு ஃபேனைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் இல்லையென்றால் சீல், பேரிங் கிட் போதும். ஷாஃப்ட்டில் தேய்ந்த பள்ளம் இருந்தாலோ, பாடியை உப்பு அரித்திருந்தாலோ முழு பம்பே மேல்.

ஹெட் கேஸ்கெட்

ஹெட்டுக்கும் என்ஜின் உடலான பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு இது. பயம் அதிகம் இங்கேதான். அவசரமும் அதிகம். குளிர்ந்த என்ஜினில் மூடியைத் திறந்து, ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வந்து, ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடினால், எரியறைக் காற்று தண்ணீருக்குள் வருகிறது. ஆயில் பக்கம் பார்க்க, ராத்திரி நின்ற வண்டியில் காலையில் சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) போல்ட்டைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால், இருந்தால் அதுதான் முதலில் வரும். வந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

தண்ணீர் இப்படி வந்தாலும் கேஸ்கெட்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். செட்டர் நிறுவன வடிவமைப்பில் வந்த எச்.எம்.டி. 2511 போன்ற டிராக்டர்களில் ஈர லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை உறை). லைனரின் வெளிப்பக்கத்தைத் தண்ணீர் நேராகத் தொடும். அடியிலுள்ள ரப்பர் வளையம் போனாலே சம்பில் தண்ணீர் இறங்கும். மாஸி 135-இல் வந்த பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் என்ஜினில் உலர் லைனர், அந்த வளையமே கிடையாது. அதில் கேஸ்கெட், ஹெட் வெடிப்பு, பிளாக் என்று தேட வேண்டும்.

போல்ட்டை இறுக்கிப் பார்ப்போமா என்பார்கள். ஹெட் ஓரத்தில் லேசான வெளிக்கசிவு என்றால், சொன்ன வரிசையில், சொன்ன அளவில் டார்க் ஸ்பானரால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) ஒரு முறை முயலலாம். குமிழி வந்த பிறகு இறுக்குவதில் பயனில்லை. கழற்றினால் ஹெட்டை லேத்துக்கு அனுப்பி மட்டம் பார்க்காமல் புதுக் கேஸ்கெட் போடாதீர்கள். வளைந்த ஹெட்டில் போட்ட கேஸ்கெட் சீக்கிரமே மறுபடி ஊதும், கூலி இரட்டிப்பாகும்.

பழுது முடிந்த பிறகு: போர் தண்ணீரா, கூலண்டா?

எங்கள் பக்கத்து உப்புப் போர் தண்ணீர்தான் பாதி ரேடியேட்டரைத் தின்றது. கூலண்டில் துருத் தடுப்பு இருக்கிறது, கொதிநிலையும் கொஞ்சம் கூடும். கசிவு முழுவதும் நின்ற பிறகுதான் ஊற்றினேன். அதற்கு முன் ஊற்றியிருந்தால் மண்ணுக்குத்தான் போயிருக்கும். கலக்க டிஸ்டில்டு வாட்டர் வாங்கினேன், சுத்தமாகப் பிடித்த மழைத் தண்ணீரும் ஆகும். வடித்த பழைய கூலண்டை மட்டும் களத்தில் திறந்து வைக்காதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், நாயும் கன்றும் நக்கிவிடும். அது கொடிய விஷம். நான் மூடி போட்ட கேனில் பிடித்து, அன்றைக்கே கொட்டகைப் பரணில் ஏற்றிவிட்டேன்.