விமான சிக்னல் பிடிக்க ஜன்னலா, மொட்டை மாடியா?

பயணிகள் விமானங்களில் பெரும்பாலானவை தங்கள் இடம், உயரம், வேகம் எல்லாவற்றையும் 1090 மெகாஹெர்ட்ஸில் சொல்லிக்கொண்டே பறக்கின்றன. ஏடிஎஸ்-பி என்று அதற்குப் பெயர். ஓர் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளும் (யூஎஸ்பியில் செருகும் குட்டி ரேடியோ ரிசீவர்) ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியும் இருந்தால் வீட்டிலிருந்தே கேட்கலாம். எந்த டாங்கிள் வாங்குவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆன்டெனாவை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பலனும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது.

முதலில் ஜன்னல். இந்த அலைவரிசைக்கு ஆன்டெனா கம்பி 7 சென்டிமீட்டர் இருந்தாலே போதும். மழை, இடி பற்றிய கவலை ரொம்பக் குறைவு. ஆனால் ஜன்னல் பார்க்கும் திசைதான் கிடைக்கும். இரும்புக் கிரில்லும் எதிர்வீட்டுச் சுவரும் மிச்சத்தைத் தின்றுவிடும்.

மொட்டை மாடியில் வைத்தால் நிலைமையே வேறு. 35,000 அடியில் போகும் விமானம், நடுவில் மறைப்பு இல்லையென்றால், 400 கிலோமீட்டர் தள்ளியிருந்தும் கேட்கும். சிக்கல், சிக்னலைக் கீழே கொண்டுவரும் கேபிளில். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 15 மீட்டர் இறங்குவதற்குள் சிக்னலில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். டிஷ் டிவிக்கு இழுக்கும் ஆர்ஜி-6 என்றால் ஏறக்குறைய பாதி வந்து சேரும், விலையும் குறைவு. டாங்கிளின் 50 ஓமுக்கு இந்த 75 ஓம் கேபிள் பொருந்தாதே என்பார்கள். வெறுமனே கேட்பதற்கு அது ஒரு பொருட்டே இல்லை.

மின்னல்தான் பெரிய விஷயம். அந்தக் கேபிள் வானத்திலிருந்து உங்கள் மேசைக்கு வரும் செம்புப் பாதை. ஆன்டெனாக் குழாயையும் கேபிளின் உலோகப் பின்னல் உறையையும் வீட்டு எர்த்தோடு இணைக்க வேண்டும். தனியாக ஒரு கம்பியை மண்ணில் அடித்து விட்டுவிட்டால், பக்கத்தில் இடி விழும்போது இரண்டு எர்த்துக்கும் நடுவே மின்னழுத்த வேறுபாடு எகிறும்; மின்சாரம் உங்கள் கருவி வழியாகத்தான் பாயும். மின்னல் தடுப்பான் மாட்டினாலும் நேரடி இடிக்கு அது ஈடுகொடுக்காது. ஐப்பசியில் மேகம் திரளும்போதே கேபிளைக் கழற்றி வெளியே விட்டுவிடுங்கள். இடிச்சத்தம் கேட்டபிறகு அதைத் தொடவே கூடாது.

மூன்றாவது வழி, ராஸ்பெர்ரி பையையும் டாங்கிளையும் மாடியிலேயே பெட்டிக்குள் வைத்து, தகவலை மட்டும் வைஃபையில் இறக்குவது. கேபிள் இழப்பு கிட்டத்தட்ட இல்லை. ஆனால் 80 டிகிரியைத் தொட்டால் ராஸ்பெர்ரி பை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாத வெயிலில் மூடிய பெட்டி அதை எளிதாக அங்கே கொண்டுபோய்விடும். போதாக்குறைக்கு 230 வோல்ட்டை மழை பெய்யும் இடத்துக்குக் கொண்டுபோகிறோம். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

என் கணக்கு: ஒரு மாதம் ஜன்னலில் ஓட்டிப் பாருங்கள். ஆசை அடங்கவில்லை என்றால் ஆர்ஜி-6 போட்டு மாடிக்குப் போங்கள். கேபிள் 30 மீட்டரைத் தாண்டும் உயரக் கட்டடம் என்றால் மட்டும் மூன்றாவது. மாடிக்குப் போகிறவர்கள், குழாய் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஈபி கம்பியைத் தொடாத இடமாகப் பார்த்து நடுங்கள்.