உணர்ச்சி அட்டைகள்: ஒரு கல்வியாண்டு முழுக்கப் பயன்படுத்திப் பார்த்ததில்

போன ஜூனில் பள்ளி திறந்த வாரம் ஆன்லைனில் ஓர் உணர்ச்சி அட்டைப் பெட்டி வாங்கினேன். 60 அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம், கீழே ஆங்கிலத்தில் உணர்ச்சியின் பெயர், அதற்கும் கீழே சின்ன எழுத்தில் தமிழ். விலை 700 ரூபாய்க்குப் பக்கம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக வாங்கியது, அப்புறம் எனக்கே தினமும் வேண்டியிருக்கிறது.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் பகுதியை அச்சுக்கு முன் யாரும் படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. 'கன்டென்ட்' என்ற அட்டையில் மனநிறைவு என்று இருக்க வேண்டிய இடத்தில் 'உள்ளடக்கம்' என்று இருக்கிறது. 'ஆங்ஷியஸ்', 'நெர்வஸ்' இரண்டுக்கும் ஒரே 'பதற்றம்'. 'ஃப்ரஸ்ட்ரேட்டட்' என்பதற்கு 'விரக்தி' போட்டிருக்கிறார்கள். கணக்கு வராமல் பென்சிலைத் தூக்கிப் போடுகிற பிள்ளைக்கு இருப்பது விரக்தியா? அது எரிச்சல், கடுப்பு, மிஞ்சிப்போனால் ஆற்றாமை. விரக்தி வாழ்க்கையே வெறுத்துப்போனவர்களின் சொல். இதைச் சின்னக் குறையாக என்னால் விட முடியவில்லை, ஏனென்றால் சரியான சொல்லை எடுத்துக் கொடுப்பதற்குத்தான் இந்த அட்டைகளே.

அதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2007இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மேனும் அவர் குழுவும் ஒரு மூளை ஸ்கேன் ஆய்வு செய்தார்கள். கோபமோ பயமோ தெரியும் முகங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, மூளையில் பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு குறைந்தது. அதே முகத்துக்குப் பொருந்தும் ஓர் ஆள் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அந்த அளவுக்குக் குறையவில்லை. சும்மா ஏதோ ஒரு சொல் போதாது, உணர்ச்சியின் பெயர் வேண்டும்.

படங்களிலும் எனக்குத் திருப்தி இல்லை. கோபம் என்றால் பல்லைக் கடிக்கும் முகம், சோகம் என்றால் தொங்கிய உதடு. முகத்தை மட்டும் பார்த்து உள்ளே இருப்பதை நம்பிக்கையாகச் சொல்ல முடியாது என்று உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பேரட்டும் வேறு சில ஆய்வாளர்களும் 2019இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள், நம் வீடுகளைப் பார்த்தாலே அது தெரியும். ஒருவர் கோபத்தில் கத்துவார், இன்னொருவர் 'பசிக்கல' என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். பிள்ளைகள் முகத்தைப் பார்த்து விடை சொல்லும் விளையாட்டாக இதை மாற்றிவிடுகிறார்கள் என்பதால் இப்போது படத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டிவிட்டேன்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்றால், செப்டம்பரில் வகுப்பில் நடந்த ஒரு விஷயத்துக்காக. பின்னங்கள் பாடம் முடித்து ஒரு சின்னத் தேர்வு வைத்து, விடைத்தாள் கொடுத்த பிறகு, மேசையில் அட்டைகளைப் பரப்பி, பாடத்தை நினைத்தால் வருகிற அட்டையின் பெயரைத் தாளில் எழுதி மடித்துப் போடுங்கள், உங்கள் பெயர் வேண்டாம் என்றேன். குழப்பம் என்று நிறைய வரும் என்று எதிர்பார்த்தேன். பதினோரு தாளில் அவமானம் என்று இருந்தது. பின்னத்துக்கும் அவமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். விடைத்தாள் கொடுக்கும்போது நான் மதிப்பெண்ணைச் சத்தமாக வாசித்துக் கொடுப்பேன், அதுவும் அதிகத்திலிருந்து குறைவாக. கடைசியில் வருகிறவர்கள் யார் என்று வகுப்புக்கே தெரியும். பல வருடங்களாக அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன், எந்தப் பிள்ளையும் என்னிடம் சொன்னதில்லை, எப்படிச் சொல்லும்? அன்றோடு நிறுத்திவிட்டேன்.

அதற்கப்புறம் அட்டைகளை நானே திருத்த ஆரம்பித்தேன். ஆங்கிலத்தை மறைத்துவிட்டு, நாம் பேசுகிற சொற்களை எழுதினேன்: ஏக்கம், உறுத்தல், தவிப்பு, கூச்சம், வீம்பு, நிம்மதி, சங்கடம். ஆதங்கமும் மனத்தாங்கலும் பெட்டியில் கிடையவே கிடையாது. கோபம் பஸ் கண்டக்டர் மேல்கூட வரும். மனத்தாங்கல் நெருக்கமானவர்கள் மேல் மட்டும்தான் வரும், அதற்குள் பாசமும் கொஞ்சம் இருக்கும். என் அக்காவோடு ஆறு மாதமாகப் பேச்சு சரியில்லாமல் இருந்தது, கோபம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் எடுத்த அட்டை மனத்தாங்கல் என்று நின்றபோதுதான் அவளுக்கு போன் செய்ய மனது வந்தது.

தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியலையும் திரும்ப எடுத்துப் படித்தேன். நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி) என எட்டு மெய்ப்பாடு, ஒவ்வொன்றும் பிறக்கும் இடம் நான்கு, மொத்தம் 32. பெருமிதம் கல்வி, தறுகண் (அஞ்சாமை), புகழ், கொடை ஆகியவற்றிலிருந்து வருகிறது. இளிவரல் மூப்பு, பிணி, வருத்தம், மென்மையிலிருந்து. உணர்ச்சியின் பெயரோடு அது எதிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது, அதுவும் உடம்பில் வெளிப்படுவதாக. இதைப் பார்த்துத்தான் அட்டைகளின் பின்பக்கம் இரண்டு கேள்வி எழுதினேன்: 'எதிலிருந்து வந்தது?', 'உடம்பில் எங்கே தெரிகிறது?'. பெட்டியோடு வந்த கையேட்டில் இருந்த 'ஏன் இப்படி உணர்கிறாய்?' என்ற கேள்வியைக் கேட்டால் பிள்ளைகள் விசாரணை என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிறார்கள்.

புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியைகளுக்கு வழிகாட்டும் பொறுப்பும் எனக்கு உண்டு, அங்கேயும் இது நன்றாக வேலை செய்கிறது. மூன்று அட்டை எடுக்கச் சொல்லி, எது முதலில் வந்தது, எது அதற்குப் பின்னால் வந்தது என்று அடுக்கச் சொல்வேன், அப்புறம் நான் பேசாமல் இருப்பேன். ஒரே ஒரு எச்சரிக்கை. அட்டைகளைக் கவிழ்த்து வைத்து எடுக்கச் சொல்லாதீர்கள், எடுத்த அட்டையை வைத்து எதிரே இருப்பவருக்குப் பலன் சொல்லாதீர்கள். அது கிளி ஜோசியம் ஆகிவிடும். எல்லாம் கண்ணுக்குத் தெரிய விரித்து வைத்து, அவரே பார்த்து எடுத்து, அவரே பொருள் சொல்ல வேண்டும்.

வகுப்பில் பயன்படுத்துகிறவர்கள் 'சொல்ல விருப்பமில்லை' என்று ஓர் அட்டை கட்டாயம் வையுங்கள், அதை எடுத்தவரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கக் கூடாது. எப்போதாவது ஒரு பிள்ளை பயம் என்ற அட்டையோடு வீட்டில் நடக்கும் பெரிய விஷயத்தைச் சொல்லிவிடும். அதை அட்டையால் சமாளிக்க முடியாது, நாமும் ஆலோசகர் இல்லை. 1098 குழந்தைகள் உதவி எண், 14416 மனநல உதவி எண், இரண்டும் கையில் இருக்கட்டும்.

வாங்கலாமா என்றால், நான் வாங்கிய பெட்டியை வாங்கச் சொல்ல மாட்டேன், ஓரங்கள் இரண்டே மாதத்தில் பிரிந்துவிட்டன. தடித்த அட்டை வாங்கி, பிள்ளைகளோடு உட்கார்ந்து நீங்களே எழுதி, லேமினேட் செய்துகொள்ளுங்கள். எந்தச் சொற்கள் வேண்டும் என்று பிள்ளைகளிடம் கேட்டபோது பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் 'ஒரு மாதிரியா இருக்கு'ன்னு ஒண்ணு போடுங்க மிஸ் என்றான். போட்டேன். திங்கட்கிழமை காலையில் அதிகம் எடுக்கப்படும் அட்டை இப்போது அதுதான். எடுத்தவரிடம் 'எந்த மாதிரி?' என்று கேட்டு மற்ற அட்டைகளை முன்னால் தள்ளி வைத்தால், பாதிப் பேர் இரண்டாவதாக ஒன்றை எடுக்கிறார்கள்.