மூணு ரூபாயா, இலவச பஸ்ஸா, கம்பெனி லாபமா: பெட்ரோல் விலைக்கு எந்த வைத்தியம் தேவலை?

பெட்ரோல் விலை என்று யாராவது பேச்சை எடுத்தால் ரொம்ப காலமாக இரண்டு கட்சிதான். மத்திய அரசு கலால் வரியைக் குறைக்கட்டும் என்பது ஒன்று, மாநில அரசு வாட் வரியைக் குறைக்கட்டுமே என்பது இன்னொன்று. 2024 மே மாதத் தொடக்கத்தில் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் ஆண்டுக் கணக்குகள் வெளியானதிலிருந்து மூன்றாவதாக ஒரு கட்சி சத்தமாகச் சேர்ந்துகொண்டது: இவ்வளவு லாபம் பார்க்கிறார்களே, அதில் கைவைத்து விலையைக் குறைத்தால் என்ன? நியாயமான கேள்விதான். இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றும் சேர்ந்து 2023-24இல் பார்த்த லாபம் ஏறத்தாழ 81,000 கோடி ரூபாய். அந்த வருடம் கிட்டத்தட்ட முழுக்க சென்னையில் பெட்ரோல் 102 ரூபாய் 60 காசைச் சுற்றியே நின்றது. மக்களவைத் தேர்தல் தேதி அறிவிப்பதற்கு முந்தின நாள் இரண்டு ரூபாய் குறைந்ததோடு சரி.

ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். யாரும் பெட்ரோல் கணக்கில் சேர்க்காத இன்னொன்றையும், அதாவது இலவச பஸ்ஸையும், நான் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். அளவுகோல் ஒன்றுதான்: கஜானாவிலிருந்தோ கம்பெனியிலிருந்தோ ஒரு ரூபாய் கழன்றால் அது கடைசியில் யார் சட்டைப்பையில் போய்ச் சேர்கிறது?

முதலில் நம் ஊர்க் கணக்கு, ஏனென்றால் 2021இல் இங்கே இரண்டு வைத்தியங்களும் மூன்று மாத இடைவெளியில் நடந்தன. மே 7ஆம் தேதி முதல்வராகப் பதவியேற்ற அன்றே மு.க. ஸ்டாலின் கையெழுத்திட்ட உத்தரவுகளில் ஒன்று, சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம். அதற்குப் போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடாக வருடத்துக்கு 1,200 கோடி ரூபாய். ஆகஸ்ட் 13ஆம் தேதி பட்ஜெட்டில் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பெட்ரோல் மீதான மாநில வரியை லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைத்தார். அதனால் வருடத்துக்கு 1,160 கோடி இழப்பு என்றும் சொன்னார். கிட்டத்தட்ட ஒரே தொகை, ஒரே மாநிலம், ஒரே வருடம். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியாக எதுவும் கிடைக்காது.

மூன்று ரூபாயை எடுத்துக்கொள்வோம். பைக்கில் வேலைக்குப் போய்வருகிற ஒருவர் மாதம் இருபது லிட்டர் போடுகிறார் என்று வைத்தால் அவருக்கு மிச்சம் அறுபது ரூபாய். நாள் முழுக்க வண்டியிலேயே சுற்றும் டெலிவரி பையனுக்கு நூற்றைம்பது, நூற்றெழுபது வரை வரலாம். காரில் நூறு லிட்டர் போடுகிறவருக்கு முந்நூறு. எவ்வளவு எரிக்கிறீர்களோ அவ்வளவு சலுகை. வண்டியே இல்லாத வீட்டுக்குச் சுத்தமாகப் பூஜ்யம். இந்தப் பக்கம், மாநிலத் திட்டக்குழு பின்னால் செய்த ஆய்வில் இலவசப் பயணத்தைப் பயன்படுத்தும் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாகத் தெரிந்தது. அறுபதுக்கும் எண்ணூற்று எண்பத்தெட்டுக்கும் உள்ள தூரத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். ஒன்று கோடிக்கணக்கான டேங்குகளில் சொட்டுச் சொட்டாகப் பிரிந்து கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது (அந்த மூன்று ரூபாயை இன்றைக்கு யாருக்காவது நினைவிருக்கிறதா?), இன்னொன்று வீட்டு வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் மார்க்கெட்டுக்கும் போகிற பெண்களின் கையில் கெட்டியாக நின்றது.

சரி, பஸ்ஸின் பக்கம் குறையே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. பயணம் கூடக்கூட செலவும் ஏறி வருடத்துக்கு 3,000 கோடி பக்கம் போய்விட்டது, அதனால் "ஒரே தொகை" என்பது ஆரம்பக் கணக்குதான். ஆண்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கும், ஒரு நாளைக்கு ரெண்டே டிரிப் பஸ் வருகிற கிராமத்துக்கும் இலவசம் என்ற சொல்லால் பெரிய பிரயோஜனம் கிடையாது. அப்புறம் டீசல். தி.மு.க. தேர்தல் அறிக்கையில் பெட்ரோலுக்கு ஐந்து ரூபாய், டீசலுக்கு நான்கு ரூபாய் என்றுதான் இருந்தது. பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு மட்டும் மூன்று ரூபாய் வந்தது. ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி ஏற்றி வரும் லாரி ஓடுவது டீசலில். தக்காளி விலையில் கைவைக்க வேண்டும் என்றால் டீசலைத் தொட்டிருக்க வேண்டும்.

இதே போட்டி ஜெர்மனியில் 2022 ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் இன்னும் பெரிய அளவில் நடந்தது. பெட்ரோல் வரியை லிட்டருக்குச் சுமார் 35 சென்ட் குறைத்தார்கள், செலவு ஏறக்குறைய 300 கோடி யூரோ. கூடவே மாதம் ஒன்பது யூரோவுக்கு நாடு முழுக்க உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம் என்று ஒரு டிக்கெட், அதற்கு 250 கோடி. வரிச் சலுகையைக் கம்பெனிகள் முழுசாக வாடிக்கையாளருக்குக் கொடுக்கின்றனவா, நடுவில் உருவுகின்றனவா என்று அந்த நாட்டில் பெரிய சண்டை. டிக்கெட்டோ ஐந்து கோடிக்கும் மேல் விற்றது. ஆகஸ்ட்டோடு பெட்ரோல் சலுகை போய்விட்டது. டிக்கெட் மட்டும் அடுத்த வருடம் 49 யூரோவாக, நிரந்தரத் திட்டமாகத் திரும்பி வந்தது.

இனி மத்திய அரசின் கலால் வரி. வேகத்தில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ராத்திரி அறிவித்தால் காலை ஆறு மணிக்குப் பங்க்கில் விலை மாறிவிடும், ஜெர்மனியில் வந்த சந்தேகமும் இங்கே பெரிதாக எழாது, ஏனென்றால் பெரும்பாலான பங்க்குகள் அரசாங்கக் கம்பெனிகளுடையவை. 2021 நவம்பரில் பெட்ரோலுக்கு ஐந்து, டீசலுக்குப் பத்து. 2022 மே மாதம் பெட்ரோலுக்கு எட்டு, டீசலுக்கு ஆறு. டீசலும் சேர்ந்து இறங்கியதால் பலன் லாரி வாடகை வரைக்கும் போனது. இரண்டாவது குறைப்புக்கு மட்டும் வருடத்துக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய் வருமானம் போகிறது என்று அரசாங்கம் சொன்னது, அது பொய்யும் இல்லை.

ஆனால் குறைப்பதற்கு முன்னால் ஏற்றியது யார்? 2014இல் லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசாக இருந்த பெட்ரோல் கலால் வரி, 2020இல் 32 ரூபாய் 98 காசு வரை போனது. அதில் ஒரு பகுதி, கொரோனா ஊரடங்கில் கச்சா எண்ணெய் தரையில் கிடந்தபோது, 2020 மே மாதம் ஒரே ராத்திரியில் பெட்ரோலுக்குப் பத்து ரூபாயும் டீசலுக்குப் பதிமூன்று ரூபாயும் ஏற்றியது. பங்க்கில் விலை ஏறவில்லை என்பதால் யாருக்கும் வலிக்கவில்லை. இறங்கியிருக்க வேண்டிய விலை இறங்காமலே போனது. 2025 ஏப்ரலிலும் அதே கதை, கச்சா எண்ணெய் இறங்கிய நேரம் பார்த்து இரண்டு ரூபாய் கலால் வரி கூடியது, பங்க் விலை அப்படியே. இந்த வைத்தியத்தை நம்பினால் கொடுத்ததைச் சந்தடியில்லாமல் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் சேர்த்தே நம்ப வேண்டும்.

மாநிலங்கள் ஏன் "முதலில் நீ குறை" என்று எதிர்க்கேள்வி கேட்கின்றன என்பதற்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. 2022 மே மாதத்துக்குப் பிறகு இருந்த 19 ரூபாய் 90 காசில், மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படை வரி வெறும் ஒரு ரூபாய் நாற்பது காசு. மீதியெல்லாம் செஸ், சிறப்பு வரி என்று தனிப் பெயரில் மத்திய அரசிடமே தங்கிவிடுகிறது. அந்த 1.40இல் 41 சதவீதம் என்றால் எல்லா மாநிலத்துக்கும் சேர்த்தே லிட்டருக்கு ஐம்பத்தேழு காசு. அதே சமயம் தமிழ்நாட்டு வரி 13 சதவீதமும் அதற்கு மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும், அதாவது சென்னையில் சுமார் 22 ரூபாய் என்பதையும் மறைக்கக் கூடாது. யாரும் யோக்கியர் இல்லை.

இப்போது கம்பெனி லாபம், எல்லோருக்கும் ரத்தம் கொதிக்கிற இடம். 81,000 கோடியை அப்படியே எடுத்து விலையில் கழித்தால் எவ்வளவு குறையும்? 2023-24இல் நாடு எரித்த பெட்ரோலும் டீசலும் சேர்த்து சுமார் பன்னிரண்டரைக் கோடி டன்னுக்குக் கொஞ்சம் மேலே, லிட்டரில் போட்டால் ஏறக்குறைய 15,700 கோடி. வகுத்தால் லிட்டருக்கு ஐந்து ரூபாய் சொச்சம். அதுவும் மூன்று கம்பெனிகளும் ஒரு பைசா லாபம் இல்லாமல், சுத்திகரிப்பு ஆலை லாபத்தையும் சேர்த்து விட்டுக்கொடுத்தால். பாதியை விட்டுக்கொடுத்தால் இரண்டரை ரூபாய், தேர்தலுக்கு முன் குறைத்த இரண்டு ரூபாயும் அந்த அளவில்தான் இருந்தது. ஒரு லிட்டர் பெட்ரோலில் நாற்பது ரூபாய்க்கு மேல் வரி இருந்தபோது ஐந்து ரூபாயை மட்டும் வில்லனாக்குவது கொஞ்சம் அதிகம்.

இன்னொன்று, இந்த மூன்றும் அரசாங்கக் கம்பெனிகள். இந்தியன் ஆயிலில் பாதிக்கு மேல் பங்கு மத்திய அரசுடையது, பாரத் பெட்ரோலியமும் அப்படித்தான், இந்துஸ்தான் பெட்ரோலியம் இன்னொரு அரசாங்கக் கம்பெனியான ஓ.என்.ஜி.சி.யின் கையில். லாபம் என்பது வருமான வரியாகவும் டிவிடெண்டாகவும் பெரும் பகுதி டெல்லிக்கே போகிறது. இடது பையில் எடுக்காதே, வலது பையில் எடு என்று அரசாங்கத்திடம் சொல்வது மாதிரிதான் இது.

அப்படியானால் கோபம் வீண் என்கிறேனா? இல்லவே இல்லை. 2017 ஜூன் 16 முதல் விலை தினமும் உலகச் சந்தையைப் பார்த்து மாறும் என்றுதான் சொன்னார்கள். 2018இல் கர்நாடகத் தேர்தலுக்கு முன்னால் நின்றது. 2021 நவம்பரிலிருந்து உத்தரப்பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல் முடியும்வரை நான்கரை மாதம் நின்றது, முடிந்ததும் பதினாறே நாளில் பத்து ரூபாய் ஏறியது. அப்புறம் கச்சா எண்ணெய் 2022 ஜூனில் பீப்பாய் 116 டாலராக இருந்தபோது விலையை ஏற்றாமல் வைத்து, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மூன்று கம்பெனிகளும் 21,200 கோடி நஷ்டப்பட்டன. அதை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2023-24இல் சராசரி 83 டாலருக்குக் கீழே வந்தபோதும் விலையை இறக்காமல் அந்த நஷ்டத்தைப் போல கிட்டத்தட்ட நான்கு மடங்கை வசூலித்தார்கள். எனக்கு இதில்தான் ஆத்திரம். வரி என்றால் நாடாளுமன்றத்தில் ஒரு பேச்சாவது நடக்கும், கணக்கில் ஒரு வரியாவது வரும். விலையை இறக்காமல் வைத்துச் சேர்க்கும் பணம் எந்த ஓட்டும் இல்லாமல் போடுகிற வரி.

தனியார் கம்பெனிகள் விஷயம் வேறு. ரஷ்ய எண்ணெய் தள்ளுபடியில் வந்து குவிந்த காலத்தில், ஜாம்நகர் ரிலையன்ஸும் வாடினார் நயாராவும் ஏற்றுமதியில் நல்ல லாபம் பார்த்தன; உள்ளூரில் அரசாங்கக் கம்பெனிகளின் விலைக்கு விற்றால் கட்டாது என்று தனியார் பங்க்குகள் பல விற்பனையைச் சுருக்கிக்கொண்டன. 2022 ஜூலை 1 அன்று மத்திய அரசு திடீர் லாப வரி, அதாவது சந்தை நிலவரத்தால் எதிர்பாராமல் குவிகிற லாபத்தின் மேல் ஒரு வரி போட்டது: ஏற்றுமதி பெட்ரோலுக்கு லிட்டருக்கு ஆறு ரூபாய், டீசலுக்குப் பதிமூன்று, உள்நாட்டில் எடுக்கும் கச்சா எண்ணெய்க்கு டன்னுக்கு 23,250. பார்க்க வீரமாகத்தான் இருந்தது. முதல் வருடம் சுமார் 25,000 கோடி வந்தது, அடுத்த வருடம் 13,000, பிறகு 6,000, 2024 டிசம்பரில் வரியே போய்விட்டது. வந்த பணம் பொதுக் கணக்கில் கலந்ததே தவிர, இதோ உங்கள் பங்கு என்று பங்க்கில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிரிட்டன் அதே வருடம் எண்ணெய் எடுக்கும் கம்பெனிகள் மேல் 25 சதவீத வரியை அறிவித்த அன்றே, வீட்டு மின்சார, எரிவாயு பில்லில் 400 பவுண்டு கழிவையும் அறிவித்தது. யாரிடம் எடுத்து யாருக்குக் கொடுக்கிறோம் என்பது ஜனங்களுக்குப் புரிந்தது. அமெரிக்காவில் எக்ஸான் எண்ணெய்க் கம்பெனி அந்த வருடம் 5,570 கோடி டாலர் லாபம் பார்த்தது, அன்றைய அதிபர் பைடன் சத்தம் போட்டார், சட்டம் ஒன்றும் வரவில்லை.

விலையை அப்படியே கட்டிப்போடு என்பவர்களுக்கு இலங்கையைக் காட்டினால் போதும். நஷ்டத்தில் விற்று, கடைசியில் வாங்க டாலரே இல்லாமல் போய், 2022இல் நாள்கணக்கில் வரிசை, பிறகு கியூஆர் அட்டை காட்டினால் அளந்து கொடுக்கிற ரேஷன்: ஆரம்பத்தில் பைக்குக்கு வாரம் நான்கு லிட்டர், ஆட்டோவுக்கு ஐந்து.

கலால் வரி, வாட் இரண்டையும் எடுத்துவிட்டுப் பெட்ரோலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவா என்கிற வைத்தியத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அன்றைய உச்ச விகிதமான 28 சதவீதத்தைப் போட்டால் நூறு ரூபாய் பெட்ரோல் எழுபத்தேழுக்கு வரும், கேட்கவே இனிக்கிறது. அந்த இருபத்து மூன்று ரூபாய் ஓட்டையை மத்திய அரசும் மாநிலமும் எதை வைத்து அடைக்கும் என்று யாரும் சொல்வதில்லை. 2021 செப்டம்பரில் லக்னோ ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில், கேரள உயர் நீதிமன்றம் சொன்னதற்காக எடுத்துப் பேசி, இப்போது வேண்டாம் என்று முடித்துவிட்டார்கள். கட்சி பேதமே இல்லாமல் எல்லா மாநிலங்களும் ஒற்றுமையாக இருந்த அபூர்வமான நாள்.

என் வரிசையைக் கேட்டால், பஸ் முதலிடம், டீசல் மீதான கலால் வரிக் குறைப்பு இரண்டாவது, பிரிட்டன் பாணியில் பணம் போகும் இடத்தோடு சேர்த்து அறிவிக்கிற திடீர் லாப வரி மூன்றாவது. பெட்ரோலுக்கு மூன்று ரூபாய், நான்கு ரூபாய் என்று தூவுவது கடைசி. அந்த 1,160 கோடியில், ஒரு பஸ் அரைக் கோடி என்று தாராளமாகவே வைத்தாலும், 2,300 பஸ் வாங்கலாம். டிரைவர், கண்டக்டர் சம்பளமும் டீசலும் தனி என்பது தெரியும். அதற்காகப் பாதியை ஒதுக்கிவிட்டால்கூட வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் புது பஸ், அதுவும் ஆண்கள் டிக்கெட் வாங்கி ஏறுகிற பஸ்.