சுவரில் எழுத எந்தப் பகா எண்: பத்தொன்பது ஒன்றுகளா, 2¹²⁷ − 1 ஆ?

டிசம்பர் 22 தேசியக் கணித நாளுக்காக, காரைக்குடியில் நான் டியூஷன் எடுக்கும் பழைய செட்டியார் வீட்டின் சுவரில் பெரிய பகா எண் ஒன்றை எழுத வேண்டியிருந்தது. கடைசியில் இரண்டு எண்கள் மிஞ்சின. ஒன்று, பத்தொன்பது ஒன்றுகள் வரிசையாக நிற்கும் 1111111111111111111. மற்றது 2¹²⁷ − 1, அதாவது 170141183460469231731687303715884105727. நான் எழுதியது இரண்டாவதை.

பார்வைக்கு முதலாவதுதான் அழகு. ஆனால் 2¹²⁷ − 1-ஐ இரும எண் முறையில் எழுதினால் அதுவும் 127 ஒன்றுகள்தான். இரண்டும் பங்காளிகள். ஒன்றுகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது என்பதும் இரண்டுக்கும் பொது: 111 = 3 × 37; 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. “சார், இது பகா எண்ணுன்னு யாரு வகுத்துப் பார்த்தா?” என்று ஒருவன் கட்டாயம் கேட்பான். அவனுக்கு என்ன காட்டுவது?

பத்தொன்பது ஒன்றுகளை ஒரு பகா எண் வகுக்கிறது என்றால், அந்தப் பகா எண்ணை 38-ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். இப்படி வடிகட்டினாலும், வர்க்கமூலமான சுமார் 105 கோடி வரை இரண்டே முக்கால் கோடி எண்கள் மிஞ்சும். கணினிக்கு அது பெரிய வேலையில்லை, கரும்பலகைக்கு ஆகாது. குறுக்கு வழியும் உண்டு. ஆனால் அதை ஒன்பதாம் வகுப்புக்குப் புரியவைக்க எனக்கு வராது.

2ᵖ − 1 வகைக்கு லூக்கா–லேமர் சோதனை இருக்கிறது. p ஒற்றைப் பகா எண்ணாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, 2ᵖ − 1 ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இப்படி p − 2 படி போனதும் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். 127-க்கு (p = 7) பலகையில் போட்டுக் காட்டினேன்: 4, 14, 67, 42, 111, 0. ஐந்தே படி. 2047-க்கு ஒன்பது படி போனால் 1736-இல் நிற்கும், மாட்டிக்கொண்டது!

2¹²⁷ − 1-க்கு 125 படி. அதைக் கையால் நான் போடவில்லை, கணினியில்தான் ஓட்டினேன். சோதனை ஏன் வேலை செய்கிறது என்ற நிரூபணம் பள்ளிப் பாடத்துக்கு மேலே, அதையும் தொடவில்லை. ஆனால் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா 1876-இல் இது பகா எண் என்று காட்டியபோது கணினியே கிடையாது. 1951 வரை அறியப்பட்ட பகா எண்களில் இதுதான் பெரியது. 2024-இல் வந்த 4,10,24,320 இலக்கச் சாதனை எண்ணும் இதே வகை.

சரி, 39 இலக்கங்களைப் பிசகாமல் எழுதுவது தொல்லைதான். சுவர் சிறியது என்றால் 2¹⁹ − 1 = 524287 எழுதுங்கள். பதினேழு படி, எந்த வர்க்கமும் 12 இலக்கத்தைத் தாண்டாது, கடையில் வைத்திருக்கும் கால்குலேட்டரே போதும்.